சென்னையில் உங்களுக்கு ஒத்துவரும் வசதியான ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் எல்லா ஏரியாவும் நல்ல ஏரியாதான். வெயில் ஏறியிருக்காது, ரோட்டில் வண்டி இருக்காது, மழை முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும் என்பதால் கிணற்றில் தண்ணீர் நிற்கும். புரோக்கர் கூட்டிப்போய்க் காட்டுவதும் அந்த நேரத்தில்தான். நாங்கள் 2013 இல் வேளச்சேரிப் பக்கம் ஒரு வீட்டை அப்படித்தான் பார்த்தோம், அரை மணி நேரத்தில் பிடித்துப்போய் அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். 2015 டிசம்பரில் அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கார் போனது, கீழ்த்தளத்தில் இருந்த மாமியின் வீட்டில் ஒரு சாமான் மிஞ்சவில்லை, மூன்று நாள் மொட்டைமாடியில் சமைத்துச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு நீலாங்கரை, அப்புறம் அண்ணா நகர் மேற்கு என்று மாறி, நடுவில் தம்பிக்காகவும் மச்சினிக்காகவும் ஏகப்பட்ட வீடுகள் பார்த்து, இன்றைக்கு யாராவது 'நல்ல ஏரியா சொல்லுங்க' என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: ஏரியாவை அதன் நல்ல நாளில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதன் மோசமான நாளைத் தேடிப் போய்ப் பாருங்கள். கீழே இருப்பதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

வசதியான ஏரியா என்று நான் சொல்வது போட் கிளப், போயஸ் கார்டன் போன்ற பெரும்பணக்கார இடங்களை இல்லை. நகரின் நடுவைவிட்டுத் தள்ளி, கொஞ்சம் அகலமான தெரு, மரம், நல்ல பள்ளி, பார்க்கிங், பாதுகாப்பு என்று நல்ல சம்பளம் வாங்கும் குடும்பங்கள் தேடிப் போகும் இடங்களைச் சொல்கிறேன். இவற்றில் பல, 2011 அக்டோபர் வரை சென்னை மாநகராட்சிக்குள்ளேயே இல்லை. அந்த வருடம்தான் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது, வளசரவாக்கம், போரூர், பெருங்குடி, நீலாங்கரை எல்லாம் உள்ளே வந்தன. இது ஏதோ நிர்வாகச் செய்தி என்று தாண்டிப் போய்விடாதீர்கள். நகரத்து விலை வந்து பல வருடம் கழித்தும் சில தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் வராமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

முதலில் ஒரு நோட்டை எடுங்கள்

வீடு தேடும் இணையதளங்களைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வாரம், வீட்டில் யார் எத்தனை மணிக்கு எங்கே போகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்று எழுதுங்கள். பிள்ளையின் பள்ளி, பாட்டு வகுப்பு, அப்பாவின் டாக்டர், அம்மா வெள்ளிக்கிழமை போகும் கோயில், நீங்கள் காய்கறி வாங்கும் கடை, மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும் பஸ் எல்லாம் அதில் வரவேண்டும்.

கடல் பக்கம் இருக்க வேண்டும் என்பது என் சின்ன வயசு ஆசை. ஆனால் நீலாங்கரையில் இருந்த மூன்று வருடத்தில் நான் கடற்கரைக்குப் போன நாட்களைவிட, அப்பாவைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குள் கண் டாக்டரைப் பார்க்கப் போன நாட்கள் அதிகம். நோட்டில் எழுதியிருந்தால் அது முன்னாலேயே தெரிந்திருக்கும். நம் ஆசை என்ன என்பது மனதில் இருக்கும், நாம் எப்படி வாழ்கிறோம் என்பது அந்த நோட்டில்தான் இருக்கும், இரண்டும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை.

எழுதி முடித்ததும் அதில் விட்டுக்கொடுக்கவே முடியாத மூன்றைச் சுழித்து வையுங்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் தனித்தனியாகச் சுழிப்பது நல்லது, அப்புறம் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். மூன்றுக்கு மேல் சுழித்தால் சென்னையில் வீடு கிடைக்காது.

தூரத்தை மணிக்கணக்கில் அளங்கள்

இந்த ஊரில் கிலோமீட்டர் கணக்கை நம்பினால் ஏமாந்துபோவோம். கத்திப்பாரா, மத்திய கைலாஷ், வேளச்சேரி விஜயநகர், போரூர் சந்திப்பு, மேடவாக்கம் கூட்ரோடு, இவையெல்லாம் வண்டிகள் தேங்கி நிற்கும் சந்திப்புகள். உங்கள் வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் இவற்றில் எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். ஒன்று வந்தால் சமாளிக்கலாம். இரண்டு வந்தால் வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று என்றால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் விட்டுவிடுவேன்.

இப்போது இன்னொரு சிக்கலும் உண்டு. 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தை மூன்று வழித்தடங்களில் கட்டுகிறார்கள்: மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர். விற்பவர்கள் எல்லோரும் 'மெட்ரோ வரப்போகுது சார்' என்று அதற்கும் சேர்த்து இன்றைக்கே விலை சொல்வார்கள். வரும், எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டிக்க வெறும் ஐந்து கிலோமீட்டர் வேலை 2008 இல் ஆரம்பித்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தது. ஆதம்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் அந்த ரயிலை நம்பி வீடு வாங்கியவர்களின் பிள்ளைகள் பள்ளி முடித்துக் கல்லூரிக்கே போய்விட்டார்கள். ஆகவே இன்றைக்கு ஓடுகிற ரயிலுக்குக் காசு கொடுங்கள், நாளைக்கு வரப்போகிற ரயில் கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஊர் தெற்கே இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே போய்விட்டன. கோயம்பேடு பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே அண்ணா நகரில் வீடு எடுத்த எத்தனையோ திருநெல்வேலிக் குடும்பங்கள் இன்றைக்குப் பொங்கலுக்கு ஊருக்குப் போக முப்பது கிலோமீட்டர் போய் பஸ் ஏறுகிறார்கள். தாம்பரம், வண்டலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அதே மாற்றம் வரமாக அமைந்துவிட்டது.

ஏரியாக்களை ஒரு சுற்று சுற்றி வருவோம்

அண்ணா நகரிலிருந்து ஆரம்பிக்கலாம். 1968 இல் இங்கே உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்தது, அதை ஒட்டி வளர்ந்த பகுதி இது, டவர் பூங்காவின் கோபுரம் அந்தக் காலத்துச் சின்னம். முதலிலேயே திட்டம் போட்டு அவென்யூ, பிளாக் என்று பிரித்ததால் தெருக்கள் நேராக, அகலமாக, மரத்தோடு இருக்கின்றன. மெட்ரோ வீட்டு வாசலில், ஆலந்தூரில் மாறினால் விமான நிலையம், கோயம்பேடு மார்க்கெட், கோயில், ஆஸ்பத்திரி, டியூஷன் எல்லாம் நடக்கிற தூரம். வயதான பெற்றோரும் படிக்கும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. குறை என்றால் விலை, அப்புறம் சாயங்காலத்தில் இரண்டாவது அவென்யூவில் கார் நிறுத்தப் படும் பாடு. காசு இடித்தால் முகப்பேர் பாருங்கள், அண்ணா நகரின் பாதி வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நொளம்பூர் போகிறவர்கள் மட்டும் கூவம் ஆறு எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் மூன்றையும் நான் ஒரே குடும்பமாகத்தான் பார்க்கிறேன். காலையில் எலியட்ஸ் கடற்கரையில் நடை, மருந்தீஸ்வரர் கோயில், 1936 இல் தொடங்கிய கலாக்ஷேத்ராவின் நிழல், மார்கழியில் கச்சேரிக்கு மயிலாப்பூர் போய்வர ஒரு பறக்கும் ரயில். பாட்டு, நடனம், புத்தகம், நடை என்று வாழ்கிறவர்களுக்கு இந்தப் பகுதி ஒரு சொத்து. ஆனால் இங்கே நிறைய கட்டடங்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழுந்தவை. லிஃப்ட் இருக்காது, இருந்தாலும் இருவர் நிற்பதற்கே இடிக்கும், உப்புக் காற்றில் கிரில்லும் ஏ.சி.யின் வெளிப்பெட்டியும் சீக்கிரம் துரு ஏறும். பழைய ஃபிளாட் வாங்கினால் அதை இடித்துக் கட்டும் பேச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்டலாம், அது உங்களுக்கு நல்லதாகவும் முடியலாம், குடிபோன இரண்டாம் வருடமே மூட்டை கட்டும்படியும் ஆகலாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலை, அதாவது நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, உத்தண்டி. ஒருபக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், நடுவில் ஒரு மணல் திட்டு. மணல் என்பதால் பெய்த மழையைக் குடித்துவிடும், பல தெருக்களில் தண்ணீர் நிற்காது. தனி வீடு, தோட்டம், நாய், சைக்கிள், இரவில் அலைச் சத்தம். ஆனால் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் ஒரே ரோடுதான். சனி ஞாயிறில் நகரமே மாமல்லபுரம் பக்கம் கிளம்பும், அப்போது பால் வாங்கப் போனாலே நேரம் ஆகும். போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கடலை ஒட்டிய மனை என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு, அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் எதைக் கட்டலாம் எதைக் கூடாது என்பதை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் கேட்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

பழைய மகாபலிபுரம் சாலை, அதாவது ஓ.எம்.ஆர். பற்றி எனக்குக் கலப்பான எண்ணம். சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரிப் பக்கம் வேலை, இருவருமே ஐ.டி., பிள்ளை சின்னது என்றால் ஆபீசுக்குப் பத்து நிமிடத்தில் போய்வருவது பெரிய விஷயம். நீச்சல் குளம், விளையாட்டு மைதானம், கேட்டுக்குள் பாதுகாப்பாக ஓடி விளையாடும் பிள்ளைகள், இவையெல்லாம் உண்மையான வசதிகள்தான். ஆனால் கேட்டுக்கு வெளியே தெரு என்று ஒன்று பல இடங்களில் இல்லை, கூப்பிடு தூரத்தில் ஒரு தையல்காரர், செருப்பு தைப்பவர், நாட்டு மருந்துக் கடை கிடையாது. எல்லாவற்றுக்கும் கார் அல்லது ஆப். எழுபது வயது அம்மாவை அங்கே பதினான்காவது மாடியில் உட்கார வைத்தால் அவருக்கு டி.வி.யைத் தவிர வேறு துணை இருக்காது.

மணப்பாக்கம், நந்தம்பாக்கம், போரூர்ப் பக்கம் ஆஸ்பத்திரி வசதியில் யாருக்கும் குறைந்தது இல்லை, ஐ.டி. பூங்காவும் அங்கேயே. ஆனால் அடையாறு ஆற்றின் கரை, 2015 ஐ அங்கே யாரும் மறக்கவில்லை. நங்கநல்லூர், கோயிலும் குளமும் கச்சேரியுமாக வாழ விரும்புகிற பெரியவர்களுக்கு ஏற்ற இடம், 32 அடி ஆஞ்சநேயர் மட்டுமில்லை, தெருவுக்குத் தெரு கோயில். மெட்ரோவும் உண்டு. தலைக்கு மேல் விமானம் போகும், அது பழகிவிடும் என்பார்கள், எனக்குப் பழகாது என்று தெரிந்ததால் நாங்கள் போகவில்லை. தாம்பரம் கிழக்கு, சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. ஒரு காலத்தில் காச நோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று சானடோரியம் அமைத்த ஊர் அது. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியின் காடு பக்கத்தில், மின்சார ரயில் நிமிடக் கணக்கில். மகேந்திரா சிட்டி, ஒரகடம் பக்கம் வேலை என்றால் முதலில் அங்கே பாருங்கள். தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மட்டும் மழைக் கதையை நன்றாக விசாரித்துவிட்டு.

தண்ணீர்: இதற்கு மட்டும் ஒரு முழு மாதம் கொடுங்கள்

சென்னையின் வருட மழை சராசரியாக 1400 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். தரையோ தட்டையானது, கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. ஆகவே ஒரே ஊரில் நவம்பரில் படகும் மே மாதத்தில் தண்ணீர் லாரியும் ஓடுகிறது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு தரை தெரிந்தது. அதே செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த தண்ணீர்தான் அதற்கு நான்கு வருடம் முன்பு, 2015 இல், அடையாற்றில் வெள்ளமாக வந்தது. அந்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம், முடிச்சூர் மறுபடி மூழ்கின. பணக்காரத் தெரு ஏழைத் தெரு என்று தண்ணீர் பார்ப்பதில்லை, கோட்டூர்புரத்திலும் வந்தது.

வெள்ளத்தைப் பற்றி வீட்டு ஓனரிடம் கேட்காதீர்கள், அவர் விற்க வேண்டும். தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள், பால் பாக்கெட் போடுகிற தம்பியிடம் கேளுங்கள். 'அண்ணே, 2015ல எங்க வரைக்கும் வந்துச்சு, 2023ல எங்க வரைக்கும்?' என்று இரண்டு வருடத்தையும் சொல்லிக் கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். நீங்களே பார்க்கக்கூடிய தடயங்களும் உண்டு. ஈ.பி. மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே ஏற்றி மாட்டியிருக்கிறார்களா, காம்பவுண்டு சுவரில் ஒரே உயரத்தில் கறை ஓடுகிறதா, வாசலில் புதிதாக ஒரு அடி உயரத்துக்குத் தடுப்பு கட்டியிருக்கிறார்களா, தெருவில் எங்காவது ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கியிருக்கிறார்களா. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் வீட்டுத் தரை ரோட்டைவிடத் தாழ்ந்துபோன தெருக்கள் சென்னையில் ஏராளம். வாசலில் நின்று ரோடு மேலே இருக்கிறதா வீடு மேலே இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு நிமிட வேலை.

அப்புறம் பெயர்கள். நம் முன்னோர்கள் ஊருக்குப் பெயர் வைக்கும்போதே சொல்லிவிட்டார்கள். தாங்கல் என்றால் தண்ணீர் தேங்கும் ஏரி: ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல். ஏரிக்கரைத் தெரு, மதகுத் தெரு, ஓடைத் தெரு என்றால் அங்கே நின்று இன்னும் நான்கு பேரை விசாரியுங்கள். பெயரை மட்டும் வைத்து ஒரு ஏரியாவைத் தள்ளிவிடவும் வேண்டாம், தி.நகரே மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் எழுந்ததுதான். ஆனால் பட்டாவில் அந்த நிலம் நன்செய் என்று இருந்தால், அது ஒரு காலத்தில் தண்ணீர் பாய்ந்த வயல் என்று பொருள். வயலுக்குத் தண்ணீர் வந்த வழி என்ன ஆயிற்று, அதன் மேல் யார் என்ன கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் வரை நகராதீர்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றி வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 இல் அது ராம்சர் தளமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் பெற்றது, அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டட அனுமதி தரக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2025 இல் சொன்னது. இப்போதைய நிலையை சி.எம்.டி.ஏ.வில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கோடைக்கு வேறு கேள்விகள். மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் இணைப்பு இருக்கிறதா, தினமும் வருகிறதா, ஒருநாள் விட்டு ஒருநாளா? கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இருப்பதால் 2019 போல அடிபட மாட்டோம் என்று நம்புகிறேன், ஆனால் அந்தத் தண்ணீர் வர உங்கள் தெருவில் குழாய் இருக்க வேண்டுமே. பெரிய அப்பார்ட்மெண்ட் என்றால் அசோசியேஷனிடம் போன வருடம் ஏப்ரல், மே, ஜூன் மாத லாரித் தண்ணீர் பில்லைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில். போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பாருங்கள், மீட்டர் சில நூறு ரூபாய்தான். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 2000 தாண்டினால் குடிப்பதற்கான இந்தியத் தர நிர்ணயத்தின் கடைசி எல்லையையும் தாண்டிவிட்டது என்று அர்த்தம், குளிக்கும் தலைமுடிக்கும் வாஷிங் மெஷினுக்கும் அது சரிவராது. மழைநீர்ச் சேகரிப்பு 2003 லிருந்தே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். குழாய் இருக்கிறதா என்று கேட்காமல், அது எங்கே போய் முடிகிறது என்று கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள்.

கழிவுநீர் லாரி வரும் வளாகமா என்றும் கேட்டுவிடுங்கள். கோடி ரூபாய் வீட்டு வாசலில் இரவு பத்து மணிக்கு அந்த லாரி உறிஞ்சிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான்கு தடவை போங்கள்

வேலை நாள் காலை எட்டரைக்கு ஒருமுறை, பிள்ளையின் ஸ்கூல் பஸ் எந்த முனையில் திரும்ப முடியாமல் நிற்கிறது என்று தெரியும். வேலை நாள் இரவு ஒன்பதரைக்கு ஒருமுறை, தெருவிளக்கும் நாய்களும் பெண்கள் தைரியமாக நடக்கிறார்களா என்பதும் தெரியும். மழை பெய்யும்போது ஒருமுறை. காற்று திரும்பும் நேரத்தில் ஒருமுறை: பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளின் வாடை எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் வரும் என்பது காற்றின் கையில் இருக்கிறது. ஒருமுறையாவது காரில் போகாமல் ரயிலிலும் ஆட்டோவிலும் போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

அங்கே இருக்கும் மனிதர்கள்

இதைப் பற்றி யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை. சென்னையில் வசதியான பல தெருக்களில் வாடகைக்கு வீடு கேட்டால் முதல் கேள்வி 'நீங்க வெஜ்ஜா', இரண்டாவது கேள்வி 'நீங்க என்ன ஆளுங்க'. எங்களிடமும் கேட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்கும் இடத்தில் பதிலைச் சமாளித்து உள்ளே போய்விடலாம், ஆனால் தினமும் மீன் வறுக்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ வேண்டியிருக்கும், பிள்ளைகளும் அதைப் பார்த்து வளரும். நாங்கள் வேண்டாம் என்று வந்துவிட்டோம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. அதேபோல வீட்டு வேலைக்கு வரும் அக்காமார்களுக்கும் டெலிவரிப் பையன்களுக்கும் தனி லிஃப்ட் என்று எழுதி ஒட்டியிருந்த ஒரு வளாகத்தையும், மற்ற எல்லாம் பிடித்திருந்தும், எடுக்கவில்லை.

அசோசியேஷன் விதிகளை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். நாய், வாடகைக்காரர்களுக்கு நீச்சல் குள உரிமை, விருந்தினர் பார்க்கிங், பால்கனியில் துணி காயப்போடுவது என்று சின்ன விஷயங்களில்தான் சண்டை வரும். நோட்டீஸ் போர்டைப் பத்து நிமிடம் நின்று படித்தால் அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

பள்ளி பற்றி ஒரு வார்த்தை: பள்ளிக்காக ஏரியா மாறுவதாக இருந்தால் சீட் கையில் வந்த பிறகு மாறுங்கள். 'பக்கத்தில் இருந்தால் கிடைக்கும்' என்று யாரோ சொன்னதை நம்பி வீடு மாற்றிவிட்டு, அதே பிள்ளையை மறுபடி பழைய பள்ளிக்கே பஸ்ஸில் அனுப்பிய நண்பர்கள் எனக்கு உண்டு.

பணம், காகிதம்

வாடகைக்கு மேல் என்ன என்பதைக் கூட்டிப் பாருங்கள். மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 5 ரூபாய் என்றால் 1800 சதுர அடிக்கு மாதம் 9000. ஒரு வீட்டுக்கு மாதம் 7500 ரூபாயைத் தாண்டி, அசோசியேஷனின் வருட வரவும் 20 லட்சத்துக்கு மேல் போனால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். லாரித் தண்ணீர், ஜெனரேட்டர், டிரைவர், பெட்ரோல் எல்லாம் தனி. வாங்குவதாக இருந்தால், பழைய வீட்டுக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., பணி முடிப்புச் சான்று வந்துவிட்டதற்கு அது கிடையாது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு ஒரு நல்ல வக்கீல் வேண்டும், இந்த வழிகாட்டி போதாது. 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு வீட்டுக்கு மேலோ உள்ள புதுத் திட்டம் என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கட்டாயம். பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, சி.எம்.டி.ஏ. அனுமதி வரைபடம், இவற்றை ஆன்லைனில் நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டு வக்கீலிடம் கொடுங்கள். ஃபிளாட்டில் யூ.டி.எஸ்., அதாவது உங்கள் பெயருக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். கட்டடம் வயதாகி மதிப்பு இறங்கும், நிலம்தான் நிற்கும். 1500 சதுர அடி வீட்டுக்கு ஒரு இடத்தில் 400 சதுர அடி நிலமும் இன்னொரு இடத்தில் 800 சதுர அடி நிலமும் கிடைக்கிறது என்றால் இரண்டும் ஒரே விலை இல்லை.

கடைசிப் படி: வாங்காதீர்கள், முதலில் குடியிருங்கள்

இவ்வளவும் செய்து இரண்டு ஏரியாவுக்கு வந்து நின்றிருப்பீர்கள். அதில் ஒன்றில், வாங்க நினைக்கும் அதே தெருவில் இல்லாவிட்டாலும் ஒரு கிலோமீட்டருக்குள், வாடகைக்குப் போங்கள். பத்து மாத அட்வான்ஸ் என்பது நம் ஊர்ப் பழைய வழக்கம். தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2017 படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதைச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

எப்போது போவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டோம், ஆனியையும் சில வீடுகளில் யோசிப்பார்கள். வைகாசி முடிவதற்குள், அதாவது ஜூன் பத்து தேதிவாக்கில் பால் காய்ச்சிக் குடிபோய்விட்டால் பள்ளி திறக்கும் நேரத்துக்கும் சரியாக இருக்கும். பதினோரு மாத ஒப்பந்தம் அடுத்த மே பத்து வரை வரும். நடுவில் ஒரு முழு மழைக்காலம், ஒரு மார்கழி, ஒரு பொங்கல், அக்கினி நட்சத்திரத்தின் முதல் வாரம் எல்லாம் அந்த வீட்டிலேயே பார்த்துவிடுவீர்கள். நவம்பரில் பலமாக மழை பிடிக்கும் முதல் ராத்திரி, குடையை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடங்கள், எங்கே முட்டி நனைகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மே முதல் வாரத்தில் காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டு எத்தனை நிமிடத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று பாருங்கள். அதற்கப்புறமும் அம்மாவும் பிள்ளைகளும் 'இங்கேயே இருக்கலாம்' என்று சொன்னால், அந்த வாரமே விலை பேச ஆரம்பிக்கலாம்.